டிரிப் ஆகாத வீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயர்மேனாக வேலை பார்த்தவன் நான். தொழில் பழகிய காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பீங்கான் பியூஸ்களே இருந்தன. கம்பி அடிக்கடி உருகுகிறதென்று அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவைத்து, அதையே சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்ளும் வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவது அன்றாட வேலையாக இருந்தது. பிற்பாடு, மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி.யும், மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் டிரிப் சுவிட்சும் பரவலானபோது, அந்த மல்லுக்கட்டு முடிந்ததென்று நிம்மதி அடைந்தேன். இடி இடித்தால் டிரிப் ஆகிறது, அதைக் கழற்றி நேராகக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது வேறு கதை.

தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்தின் ஓரத்தில் மலிவு வீடு வாங்கிய ஒரு மூதாட்டிக்கு நானே வயரிங் செய்தேன். பிளக் இணைப்புகளுக்கு 30 மில்லியாம்பியரும், குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லியாம்பியரும் கசிவு வரம்பாகக் கொண்ட டிரிப் சுவிட்சுகளைப் பொருத்திவிட்டு, "இனி உங்களுக்குப் பயமே வேண்டாம் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, தீபாவளிக்கு மறுநாள் அவருடைய மகன் அழைத்தார். விருந்தினருக்காக நாள் முழுவதும் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாலையில் அந்தச் சுவர் பிளக் கருகி, மேலே தொங்கிய நாட்காட்டியில் தீப்பற்றியிருக்கிறது. தண்ணீர் ஊற்றப் போன மருமகளைத் தடுத்து, முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னவர் பாட்டிதான். அவர்கள் கையால் அணைக்கும்வரை பெட்டியில் ஒரு சுவிட்சுகூடத் தானாக விழவில்லை.

"இது டிரிப் ஆகியிருக்க வேண்டாமா தம்பி?" என்று பாட்டி கேட்டதில் குறை சொல்லும் தொனியே இல்லை, எனக்கு உறைத்தது அதுதான்.

டிரிப் ஆகியிருக்க வேண்டியதில்லை என்பதே உண்மை. ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் முழுதாகத் திரும்புகிறதா என்று மட்டுமே கசிவு சுவிட்ச் பார்க்கிறது. அளவுக்கு மீறி ஓடுகிறதா என்று மட்டுமே எம்.சி.பி. பார்க்கிறது. பிளக்குக்குள் வயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்த இடத்தில் கசிவும் இல்லை, மிகை ஓட்டமும் இல்லை. 230 வோல்ட்டில் 2,200 வாட் கெட்டில் ஏறத்தாழ 9.6 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த திருகில் அரை ஓம் தடை ஏற்பட்டாலே அந்தப் புள்ளியில் 40 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் மூடிவைத்ததற்கு அது சமம். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது கெட்டிலின் வழக்கமான ஓட்டமாகவே தெரியும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பிடிப்பு இன்னும் சற்றுத் தளர்கிறது, செம்பு கறுக்கிறது, தடை கூடுகிறது.

அந்தத் திருகை நான் அன்றே முழுதாக இறுக்காமல் விட்டேனா, காலப்போக்கில் தளர்ந்ததா என்பதைக் கருகிய மிச்சத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பழி முழுவதையும் காலத்தின் மேல் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பாட்டியிடமும் அப்படியே சொன்னேன். கெட்டிலைப் பயன்படுத்தியபின் சுவிட்சை அணைத்து, உலர்ந்த புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும், சூடு சுருக்கென்று பட்டாலோ, பழுப்புக் கறை தெரிந்தாலோ, மீன்வாடை போன்ற நெடி வந்தாலோ அதை மேற்கொண்டு பயன்படுத்தாமல் என்னை அழைக்கவும் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் வேலை முடித்தாலும், திருகுகளை இரண்டாம் முறை இறுக்கிவிட்டு, சமையலறைப் பிளக் ஒவ்வொன்றிலும் கெட்டில் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தொட்டுப் பார்த்த பின்னரே கிளம்புகிறேன். நான் தேநீருக்குத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக் கோப்பை கழுவப் போகும் வீட்டுக்காரர்களும் உண்டு.