தோப்பு டிராக்டருக்கு மேல்நோக்கிய புகைக்குழாய்

2025 மே 4

பழைய 18 குதிரைத்திறன் சின்ன டிராக்டர். மூன்று சிலிண்டர் டீசல், சுமார் 900 சிசி. கம்பெனி சைலன்சர் அடியில் துருவேறிப் பொத்தலாகிவிட்டது. புகை தரையைப் பார்த்து அடிக்கிறது. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் மே மாதத் தரை முழுக்கக் காய்ந்த பன்னாடையும் மட்டையும்தான். கரிப்பொறி அதில் விழவே கூடாது. அதனால் புதுக் குழாய் மேலே போகும்.

உயரம், பானெட்டுக்கு மேல் 65 செ.மீ. உட்கார்ந்து ஓட்டுபவரின் தலையை அது தாண்டிவிடும். ஒரு மீட்டர் வைத்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் குட்டைத் தென்னையின் தொங்கும் மட்டை முதலில் அதில்தான் மாட்டும். அந்த இழுப்பு முழுவதும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் போய் இறங்கும்.

மே 6

குழாய் அளவு. 900 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், 2700 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 1100 லிட்டர் காற்றை இழுக்கும். வெளியே வரும்போது 450 டிகிரிச் சூட்டில் அது 2600 லிட்டராக விரியும். 48 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. தடிமன் குழாயில் வேகம் விநாடிக்கு 29 மீட்டர்தான். ஒன்றேகால் அங்குலக் குழாய் (உள்விட்டம் 36) போட்டால் 43 மீட்டரைத் தொடும். தேவையில்லாத நெருக்கடி.

ஜிஐ பைப் எல்லாக் கடையிலும் கிடைக்கும், வாங்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். வெல்டிங்கில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை இழுத்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சில்லாத கருப்புக் குழாய்தான் சரி. வளைவுக்கு 40 அளவு வெல்டிங் எல்போ வாங்கிக்கொண்டால் போதும், வெளிவிட்டம் 48.3, குழாயோடு ஒட்டி நிற்கும்.

மே 9

குழாயை மேனிஃபோல்டோடு சேர்க்கும் தட்டான ஃபிளேஞ்சுக்கு 10 மி.மீ. தகடு. பழைய கேஸ்கெட்டை (இடையில் கசிவைத் தடுக்கும் அட்டை) வைத்து ஓட்டை குறித்து, மேனிஃபோல்டில் நீட்டி நிற்கும் எம்8 ஸ்டட்டுக்கு (தலையில்லாத 8 மி.மீ. போல்ட்) 9 மி.மீ. துளை. சூட்டில் இரும்பு விரிவதற்கு அந்த ஒரு மி.மீ. இடம் வேண்டும்.

எல்போவைப் பற்ற வைக்கும்போதுதான் ஃபிளேஞ்சு முறுக்கிக்கொள்ளும். அதை ஒரு தடித்த இரும்புப் பாளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, எதிரெதிராக நான்கு டேக் (சிறு பொட்டு வெல்டிங்) வைத்து, துண்டு துண்டாக வெல்டிங். 2.5 மி.மீ. ராடு, 70 ஆம்பியர் போதும், 3.15 ராடு இரண்டு மி.மீ. குழாயைத் துளைத்துவிடும். முழுக்க ஆறிய பிறகே கழற்றுவது. கண்ணாடிமேல் எமரித்தாள் விரித்துத் தேய்த்தால் எங்கே மேடு என்று பளபளப்பு காட்டிவிடும். அங்கே மட்டும் அரம்.

கிராஃபைட் கேஸ்கெட், பித்தளை நட்டு. இரும்பு நட்டு போட்டால் அடுத்த முறை ஸ்டட்டோடுதான் வரும்.

மே 12

சைலன்சர். எல்போவுக்கு மேலேயே, எடை கீழே இருக்கும்படி. 26 செ.மீ. நீளத்தில் குழாயில் 4 மி.மீ. துளைகள்: வரிசைக்கு 12, மொத்தம் 20 வரிசை. 240 துளை சேர்ந்து 30 சதுர செ.மீ.; குழாயின் உள்பரப்பு 15. இரண்டு மடங்கு இருந்தால் அடைப்புக்குப் பயமில்லை. வெளியே 4 அங்குலக் குழாய் 30 செ.மீ., இரு முனையிலும் 3 மி.மீ. தகடு.

கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். டீசல் கரியும் எண்ணெயும் ஊறி, ஒரு பருவத்தில் கட்டியாகிவிடும். வெற்று அறையே கிரீச்சென்ற சத்தத்தை அடக்கும். 2400 சுற்றில் இந்த எஞ்சினின் அடிச்சத்தம் 60 ஹெர்ட்ஸ். அதை அடக்கச் சூடான புகையில் இரண்டு மீட்டர் நீள அறை வேண்டும். எனவே அந்தத் 'தட் தட்' இருக்கும், காது அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மே 15

தாங்கி. முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். குழாய், சைலன்சர், எல்போ, ஃபிளேஞ்சு சேர்ந்து ஐந்து கிலோவுக்குக் குறையாது. அது நெம்புகோலாக ஆடிக்கொண்டே இருக்கும். பானெட்டில் கட்டினால் பானெட் ஒரு விதமாகவும் எஞ்சின் ஒரு விதமாகவும் அதிரும், வெல்டிங் ஓரத்தில் முதல் விரிசல் விழும். எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும் ஒரு போல்ட்டிலிருந்து 40x6 பட்டையை மேலே எடுத்து, சைலன்சருக்கு மேல் யூ கிளாம்ப். பட்டையில் நீள்துளை: 300 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு 3.6 மி.மீ. நீளும். கிளாம்ப் அதற்கு வழிவிட வேண்டும்.

மே 18

எதிரழுத்தச் சோதனை, அதாவது வெளியேறும் புகையைக் குழாய் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. ஃபிளேஞ்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு எம்10 நட்டைப் பற்ற வைத்து, அதில் அரை மீட்டர் செம்புக்குழாய், அதன்பின் கொத்தனார் மட்டக்குழாயை யூ வடிவில் மடித்துத் தண்ணீர். சும்மா முழு வேகத்தில் வைத்தால் அளவு ஏமாற்றும், புகை சூடாவதில்லை. ரொட்டவேட்டர் மண்ணில் இறங்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். இரு பக்க நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் 110 மி.மீ. 400 தாண்டினால்தான் நான் கவலைப்படுவேன்.

கரிப்பொறியைத் தடுக்கும் வலை, குழாயின் உள்ளே கூம்பாக. அமெரிக்க வனத்துறை வைத்திருக்கும் அளவு 0.58 மி.மீ. கண், அதையே எடுத்துக்கொண்டேன். வலையோடு 170. கரி அடைய அடைய இது ஏறும், எனவே கழற்றித் துலக்கும்படி ஒற்றை போல்ட்டில் நிற்கிறது.

சூடு ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். நான்கும் கால் சுற்று ஏறின.

மே 26

பருவமழை எட்டு நாள் முந்தி, 24ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டுவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சாரல் சாய்வாக அடிக்கிறது. குழாயின் வாயைச் சாய்த்து வெட்டினால் போதும் என்பவர்கள் இந்தக் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எடைக்கட்டி உள்ள மழைமூடி போட்டாயிற்று. கீல் ஓட்டுபவர் பக்கம், திறக்கும்போது புகை முன்னால் போகும்.

மூடியையும் நம்பக் கூடாது. நின்ற வண்டியில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே நிற்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால் ஸ்டார்ட் அடித்த கணம் கனெக்டிங் ராடு வளையும். எல்போவின் அடிமட்டத்தில் ஒரு 3 மி.மீ. துளை, சைலன்சர் அடித்தகட்டில் ஒன்று. இரவு மழைக்குப் பிறகு காலையில் எல்போத் துளையின் கீழே கரிச்சொட்டு ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு இருந்தது. துளையைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும். கரி அடைத்துக்கொள்ளும் முதல் இடம் அதுவே.