கணியம் பாத்துப் பழகினவன் பைலட் லைசென்ஸ் வாங்கின கதை

நமக்கு ஊர் குளச்சல். கரையில உள்ள ரெண்டு அடையாளத்த நேர்கோட்டுல சேர்த்துப் பாத்து கடல்ல இடம் கண்டுபிடிக்கிறத தான் நாங்க கணியம்னு சொல்லுவோம். கொல்கத்தா ஹூக்ளி ஆத்துல பைலட் லைசென்ஸ் எப்படி வாங்கினீங்கன்னு நம்ம கடற்கரை பயலுவ நிறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

பைலட்னா கேப்டன் இல்ல. ஆத்தோட போக்கு தெரிஞ்சவரு, வர்ற கப்பல்ல ஏறி வழி சொல்லணும், ஆனா கப்பலுக்கு பொறுப்பு கடைசி வரைக்கும் கேப்டன் தான். ஹூக்ளியில இந்த வழி 200 கிலோமீட்டருக்கு மேல, மணல் திட்டு இடம் மாறிக்கிட்டே இருக்கும். வெள்ளக்காரன் காலத்துல சின்ன வயசுலயே சேர்ந்து ஈயக்குண்டு போட்டு ஆழம் அளந்து வருஷக்கணக்கா படிச்ச பிறகு தான் கப்பலையே கையில குடுப்பாங்களாம். இப்ப சத்தம் அனுப்பி ஆழம் அளக்குற எக்கோ சவுண்டர் இருக்கு, ஆனாலும் சீனியர் பைலட் கூட கப்பல் கப்பலா ஏறி இறங்கித் தான் படிக்கணும்.

அந்த ஏறுறது தான் முதல் பாடம். கப்பல் ஓடிட்டு இருக்கும், பக்கத்துல கயிறு ஏணி தொங்கும், நம்மள கொண்டு விடுற சின்ன படகு, லாஞ்ச், அலையில உச்சிக்கு வர்ற நொடியில ஏணிய பிடிச்சு மேல போயிரணும், லாஞ்ச் தாழுறப்ப பிடிச்சா அடுத்த அலை அத தூக்கி நம்ம கால்ல இடிச்சிரும்.

கண் டெஸ்ட், கலர் டெஸ்ட் எல்லாம் சுலபமா முடிஞ்சிது. ஒரு ஆபீஸ்ல குடுத்த சர்ட்டிபிகேட்ல அப்பா பேருல ஒரு எழுத்து தப்பு, அத திருத்த மூணு வாரம் அலைஞ்சேன், நீங்க வாங்கின உடனே அங்கேயே நின்னு வாசிச்சிருங்க.

வாய்மொழித் தேர்வுல வெறும் வெள்ளைத்தாள் குடுத்து ஆத்த வரையச் சொன்னாங்க. 1694ல ஒரு கப்பல் மூழ்கி அதோட பேரே நிலைச்சுப் போன ஜேம்ஸ் அண்ட் மேரி மணல் திட்டு வரைக்கும் வரைஞ்சேன். அப்ப ஒருத்தர், கரையில வழி காட்ட முன்னும் பின்னுமா நிக்குற ரெண்டு தூணும் நேர்கோட்டுல இருந்துச்சு, இப்ப முன் தூண் இடது பக்கம் விலகுது, என்ன செய்வன்னு கேட்டார். யோசிக்கவே இல்ல, கப்பல் வலது பக்கம் போயிருச்சு, முன் தூண் விலகின பக்கமே திருப்பணும்னேன். அப்பா வள்ளத்துல நான் பாத்தது தானே அது, மாதா கோயில் கோபுரமும் பின்னால மலையும் சேர்ந்தா தான் மீன் கிடக்குற பாருக்கு, அதான் கடலுக்கு அடியில உள்ள பாறைக்கு, கணியம்.

லைசென்ஸ் கிடைச்ச அன்னைக்கு ராத்திரி போன்ல இத சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் கேட்டார், "அங்க மலையே இல்லியே மக்கா, அந்த தூண யாரு நட்டா?"