செலாயாவை நீக்கியது செல்லுமா?

2009 ஜூன் 28 அதிகாலையில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் அதிபர் மானுவல் செலாயாவை ராணுவத்தினர் அவருடைய வீட்டிலிருந்து இரவு உடையோடு பிடித்துச் சென்று, விமானத்தில் ஏற்றி, கோஸ்டா ரிக்காவில் இறக்கிவிட்டார்கள். அது சட்டப்படியான பதவி நீக்கம்தான் என்று சாதிக்கிறார், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும், சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்). எனக்கு அதில் உடன்பாடில்லை.

மாஷ் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய அரசமைப்பை எழுத ஒரு மன்றத்தைக் கூட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கப் புறப்பட்ட செலாயா, நீதிமன்றம் தடுத்தும் நிற்கவில்லை. அதற்குத் துணைபோக மறுத்த ராணுவத் தளபதியை அவர் நீக்க, உச்ச நீதிமன்றம் மறுநாளே தளபதியைத் திரும்ப அமர்த்தியது. செலாயாவோ ஆதரவாளர்களைத் திரட்டிக்கொண்டு விமானப்படைத் தளத்துக்கே போய் வாக்கெடுப்புப் பொருட்களை எடுத்து வந்தார். இந்த அடாவடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதிபர் மறுபடி பதவிக்கு வருவதற்கான தடையை மாற்ற முன்மொழிபவர் அக்கணமே பதவியை இழப்பார் என்னும் 239ஆவது பிரிவையும் மாஷ் தவறாமல் எடுத்துவைப்பார். ஆனால் அந்த நவம்பர் தேர்தலில் செலாயா வேட்பாளரே அல்லர். அரசமைப்பு மன்றம் பற்றி மக்கள் வாக்களிக்க அத்தேர்தலில் அவர் கேட்ட கூடுதல் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டிருந்தாலும் அதே நாளில் வேறொருவர்தான் அதிபராகத் தேர்வாகியிருப்பார்.

என் வழக்கு, நீக்கிய முறையைப் பற்றியது. செலாயாவைக் கைது செய்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஆனால் கைது ஆணை என்பது ஒருவரை நீதிபதி முன் நிறுத்துவதற்கு; எல்லை தாண்டி விட்டுவருவதற்கு அல்ல. சொந்தக் குடிமகனை நாடுகடத்தக் கூடாது என்று அதே அரசமைப்பின் 102ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி வெளியேற்றியது குற்றம்தான் என்று ராணுவத்தின் சட்ட ஆலோசகரே பிறகு ஒப்புக்கொண்டார், ரத்தக்களரியைத் தவிர்க்கவே செய்தோம் என்ற சமாதானத்தோடு. அன்றைக்கே நாடாளுமன்றத்தில் செலாயாவின் பதவி விலகல் கடிதம் என்று ஒன்று, ஜூன் 25 தேதியிட்டு, வாசிக்கப்பட்டது; தான் எழுதவில்லை என்று அவர் மறுத்தார். கடிதம் உண்மையென்றால் விடியுமுன் துப்பாக்கி எதற்கு? 239ஆவது பிரிவே பதவியைப் பறித்துவிட்டதென்றால் கடிதம்தான் எதற்கு?

இதே மாஷ், 1959 ஜூலை 31இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். அமைச்சரவையைக் கலைத்ததை இன்றும் அநியாயம் என்கிறவர். அந்த ஆட்சிக்கு எதிராக நடந்த விமோசன சமரம் என்னும் போராட்டத்தின் கொந்தளிப்பைக் காட்டி மத்திய அரசு அதைச் செய்தபோது, கைவசம் மாநில ஆட்சியைக் கலைக்க இடம்தரும் 356ஆவது பிரிவாவது இருந்தது. ஹோண்டுராஸிலோ அப்போது அதிபரை விசாரித்து நீக்கும் நடைமுறையே அரசமைப்பில் இல்லை. 1960 தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்துவிட்டதால் 1959 கலைப்பு நியாயமாகிவிடாது என்பது மாஷின் வாதம். அப்படியானால் 2009 நவம்பர் அதிபர் தேர்தலில் போர்ஃபிரியோ லோபோ வென்றதை மட்டும் ஜூன் மாத நீக்கத்துக்குச் சான்றாக அவர் காட்டுவது எப்படி?

பிறகு 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுதேர்வுத் தடையையே விலக்கியது. 2017இல் பதவியிலிருந்த ஹுவான் ஒர்லாண்டோ எர்னாண்டஸ் மீண்டும் போட்டியிட்டு அதிபரானார். இதைச் சொன்னபோது, “அது கோர்ட் சொன்னதல்லவா” என்றார் மாஷ். 2009இலும் கோர்ட் சொன்னது கைது செய்யத்தான்.