துருவ மீன் ஏறிய உயரம்

நான் ரொறன்ரோவுக்கு வந்திறங்கியது 2021 மார்கழியில். அதே வாரம், நத்தார் தினக் காலையில், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டதை அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதில் கனடாவின் கருவியும் போகிறது என்று அத்தான் சொன்னபோது, தூக்கக் கலக்கத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த பத்து மாதங்கள் ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்ற் அறையிலும், பண்டகசாலை ஒன்றின் இரவு வேலையிலும் கழிந்தன. வானத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தாலும் தெருவிளக்குகளின் மஞ்சள் புகார்தான். 1990க்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமில்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கையும் அணைத்துவிட்டு, முற்றத்துப் பாயில் கிடந்தபடி அப்பம்மாவிடம் கார்த்திகையையும் திருவாதிரையையும் அடையாளம் கண்ட எனக்கு, விளக்குகள் நிறைந்த இந்த ஊரின் வானம் வெறுமையாகவே தெரிந்தது.

1868இல் இந்நகரில் தொடங்கிய கனடிய அரச வானியல் கழகத்தின் சொற்பொழிவொன்றுக்குக் குளிருக்கு ஒதுங்குபவனைப் போலத்தான் போனேன். பேசியவர் தொழில்முறை விஞ்ஞானி அல்லர். வெப் தொலைநோக்கியின் சூரியக் கவசத்தை விளக்க, பரிசுப் பொதி சுற்றும் மினுங்கல் தாளைப் போன்ற மெல்லிய தாள் ஒன்றைக் கைமாற்றி அனுப்பினார். விரல் பட்டதும் அது சரசரத்தது. ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதானம் அளவு கொண்ட, முடியைப் போல மெலிந்த ஐந்து அடுக்குகள் ஒரு புறத்தில் 85 பாகை வெப்பத்தைத் தாங்கி, மறுபுறத்தைச் சுழியத்துக்குக் கீழே 230 பாகை வரையான குளிரில் வைத்திருக்கின்றன என்பதை, அந்தத் தாளைத் தொட்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்து, கனடாவின் கருவி பதிவுசெய்து 2022 ஆடியில் வெளியான வாஸ்ப்-96பி என்ற கோளின் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவை, திரையில் காட்டினார். வண்ணப் படத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு, புள்ளிகளும் மேடுபள்ளங்களுமான வரைபடம் முதலில் ஏமாற்றமே. தன் விண்மீனுக்கு முன்னால் கோள் கடக்கையில், அதன் வளிமண்டலத்தை ஊடுருவி வரும் ஒளியில் நீராவி விட்ட தடங்களே அந்த மேடுகள் என்றார். அவை கோளுக்கு உரியவை, விண்மீனுக்கு உரியவை அல்ல என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் ஆங்கிலம் புரியாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பிறகு, கோள் குறுக்கிடாத வேளையில் எடுத்த ஒளியோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காண்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். இந்நாட்டில் வேலையும் வாடகையும் அல்லாத ஒன்றைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

கூட்டம் முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் சிலர் தொலைநோக்கிகளைப் பொருத்தினார்கள். ஊரில் பனை உச்சிகளோடு ஒட்டிக் கிடந்த துருவ மீன், இங்கே வானத்தின் பாதி உயரத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற முதியவரிடம், அகத்தியர் என்று நாங்கள் சொல்லும் கனோபஸ் விண்மீன் எங்கே என்று விசாரித்தேன். அது ரொறன்ரோவின் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை என்றும், நாற்பது ஆண்டுகள் வானம் பார்த்தும் தான் அதைக் கண்டதில்லை என்றும் சொன்னார். தை மாதக் கடைசியில், இரவு பத்து மணியளவில், யாழ்ப்பாணத்துத் தென்வானில் வெறுங்கண்ணுக்கே அது தெரியும் என்றேன். அவர் கையுறையைக் கழற்றி, சிறு குறிப்பேட்டை எடுத்து, ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.