புகைப்படத்திலிருந்து குறுக்குத் தையல்: மணியின் முகம் வரை

குறுக்குத் தையல் என்றதும் எல்லோரும் நூல் வாங்கத்தான் முதலில் கிளம்புவார்கள். புகைப்படத்தைப் பார்த்துத் தைப்பதாக இருந்தால் அதற்கு அவசரமே இல்லை. எங்கள் நாய் மணியின் படத்தைத் தைக்க ஆரம்பித்து, இப்போது காதும் முகமும் முடிந்து கழுத்துக்கு இறங்கியிருக்கிறேன். ஊசி வேலை பெரிய விஷயமாகத் தெரியவில்லை. துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடத் தெரிந்தால் போதும். மண்டையைக் குடைந்ததெல்லாம் அதற்கு முந்தைய வேலைதான்: படத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது.

நான் எடுத்துக்கொண்ட படத்தில் மணி புல்தரையில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது. பார்க்க நல்ல படம். ஆனால் சாதாரணக் கைபேசிப் படத்திலேயே லட்சக்கணக்கில் புள்ளிகள் இருக்கும். தையலுக்கு நான் ஒதுக்கியது அகலத்தில் 112 கட்டம், உயரத்தில் 140 கட்டம். மொத்தம் 15,680. கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் எய்டா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்பதால், இது சரியாக 8க்கு 10 அங்குலம் வரும். இதே அளவை 18 கவுண்ட் துணியில் தைத்தால் 144க்கு 180, அதாவது 25,920 கட்டம். படம் இன்னும் நுணுக்கமாக வரும், வேலையும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். முதல் படத்துக்கு 14 போதும் என்று முடிவு செய்தேன்.

படத்தை, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட்டாக மாற்றித் தர மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அளவு, நிறங்களின் எண்ணிக்கை, எந்த நிறுவனத்தின் நூல் என்று சொன்னால், ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருந்தி வரும் நூல் எண்ணைப் போட்டுத் தரும். என்னதான் செய்கிறது பார்க்கலாம் என்று முதலில் முழுப் படத்தையும் கொடுத்து 60 நிறம் கேட்டேன். புல்லுக்கே பாதிக்கு மேல் பச்சையாக அள்ளிப் போட்டது. நாய்க்கு மிஞ்சியது கொஞ்சம் பழுப்பு. கண்ணுக்குக் கிடைத்தது இரண்டே கட்டம்! மென்பொருளுக்குப் புல்லும் ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான். எது முக்கியம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் முகமும் மார்பும் மட்டும் நிறைகிற மாதிரி படத்தை வெட்டினேன். புல்லை முழுக்க அழித்துவிட்டேன். அங்கே தையலே கிடையாது, வெறும் துணிதான். நிழல் பக்கத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். மணிக்கு அடர் பழுப்பு ரோமம்; நிழலில் காதும் கன்னமும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. புகைப்படத்தில் கண் அதைத் தானே பிரித்துக்கொள்ளும், கட்டங்களில் பிரிக்காது.

அப்புறம் நிறங்களைக் குறைக்கும் வேலை. 40, 30, 24 என்று இறக்கி, ஒவ்வொரு சார்ட்டையும் திரையில் வைத்து அறையின் மறுகோடியில் நின்று பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. 15க்கு வந்ததும் மூக்குத் தண்டில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்தது. 24இல் நிறுத்திக்கொண்டேன்.

இதற்கிடையில் கவனிக்க வேண்டியது ‘டிதரிங்’ என்ற வசதி. இல்லாத நிறத்தை இருப்பதுபோல் காட்ட, இரண்டு நிறக் கட்டங்களை மாற்றி மாற்றித் தூவும். திரையில் அழகாக இருக்கும். தைக்கும்போது, ஒவ்வொரு ஒற்றைக் கட்டத்துக்கும் ஊசியில் நூலை மாற்றி, பின்பக்கம் செருகி, வெட்டி… போதும் போதும் என்று ஆகிவிடும். அதை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்த கட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பக்கத்து நிறத்துக்கே கையால் மாற்றினேன். நெற்றியும் மார்பும் இதில் எதையும் இழக்கவில்லை.

கண்ணை மட்டும் தனியாக உட்கார்ந்து சரிசெய்தேன். வெட்டிய பிறகு ஒரு கண்ணுக்கு ஆறு கட்ட அகலம் கிடைத்திருந்தது. கருவிழியில் விழுந்த வெளிச்சப் புள்ளியை, சுற்றியிருந்த கறுப்போடு சேர்த்துச் சராசரி எடுத்து, மென்பொருள் ஒரு மங்கலான சாம்பல் கட்டமாக ஆக்கியிருந்தது. அதைப் பளிச்சென்ற வெள்ளையாக மாற்றினேன், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில். மேல் இமையோரம் ஒரு வரிசையை முழுக் கறுப்பாக்கினேன். மாற்றியது விரல் விட்டு எண்ணக்கூடிய கட்டங்கள்தான். அதுவரை ஏதோ ஒரு நாயாக இருந்தது, மணியாகிவிட்டது.

நூல், டிஎம்சி நிறுவனத்துடையது. 500 நிறம் வைத்திருக்கிறார்கள், பெயரெல்லாம் பெரும்பாலும் எண்தான். 433இலிருந்து 437 வரை பழுப்பு படிப்படியாக வெளுத்துக்கொண்டு போகும். அதன் தொடர்ச்சி 738, 739. இருட்டுப் பக்கத்துக்கு 801, 898, 938, கடைசியில் கறுப்பை ஒட்டிய 3371. தனிக் கறுப்பு 310. திரையில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம்; நூலைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 898க்கும் 938க்கும் விளக்கு வெளிச்சத்தில் எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை. அந்த இரண்டையும் பகலில்தான் தைக்கிறேன்.

துணியில் நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டிருக்கிறேன், சட்டம் போடும்போது இழுத்து மடிக்க வேண்டுமே. பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக மெல்லிய தூண்டில் நரம்பை ஓட்டினேன். ஊசி அதைத் துளைக்காது என்பதால் முடிந்ததும் சட்டென்று உருவிவிடலாம். தண்ணீரில் அழியும் பேனாவாலும் கோடு போடலாம், ஆனால் அலசுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டி பட்டால் அந்த மை அப்படியே தங்கிவிடக்கூடும்.

ஊசி, முனை மழுங்கிய 24ஆம் எண். ஆறு இழையில் இரண்டைப் பிரித்துத் தைக்கிறேன். அந்த இரண்டுக்குப் பதில் நீளமான ஓர் இழையை எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பில் வரும் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சு போடாமலே தொடங்கிவிடலாம். மேலே வரும் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூலின் மினுமினுப்பு இடத்துக்கு இடம் மாறித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

நடுவிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். கோடு போட்டுவிட்டதால் நான் கண்ணிலிருந்தே தொடங்கினேன். பொறுமை இருக்கும்போதே கஷ்டமானதை முடித்துவிடலாம் என்றுதான். கையருகில் பார்த்தால் வெறும் பழுப்புக் குழப்பம். கைபேசியில் ஒரு படம் எடுத்துச் சின்னதாக்கிப் பார்த்தால் முகம் வந்துவிடுகிறது. சலிப்பு தட்டும்போதெல்லாம் இதைத்தான் செய்கிறேன்.

இனி மார்பு. பெரும்பகுதி 738, 739தான், ஒரே நிறத்தில் நீள நீளமாக ஓடும். அது முடிந்தபிறகு வெளிர்மார்பும் வெள்ளைத் துணியும் சந்திக்கும் ஓரத்தில் ஒற்றை இழையில், கோடு போல் ஓடும் பின்தையல் ஓட்டலாமா என்று யோசனை. ஓட்டினால் உருவம் துலங்கும், கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. கறுப்பில் வேண்டாம், 437இல் ஓர் அங்குலம் மட்டும் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். பிடிக்காவிட்டால் பின்தையலைப் பிரிப்பது சுலபம்தான்.