சிரிஞ்சுக்குள் ஒரு மெராப்பி

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் தாண்டிப் போனால் லெங்கோங். அங்கே கோத்தா தம்பானில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லாத மலேசியத் தீபகற்பத்தில் எனக்கு எரிமலைப் பித்துப் பிடிக்க அது போதாதா?

இந்த மாதம் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரே மலை ஒருசமயம் லாவாவை வழியவிடுகிறது, இன்னொரு சமயம் வெடிக்கிறது, ஏன்? ஜாவாவின் மெராப்பி பெரும்பாலும் லாவாவை மெல்லத் தள்ளிக் குவிமாடமாக வளர்க்கும், அது சரியும். ஆனால் 2010 அக்டோபர் 26-இல் வெடித்தது, நவம்பர் 5-இல் அதைவிடப் பெரிதாக வெடித்தது. அந்த முறை மாக்மா, அதாவது நிலத்தடிப் பாறைக்குழம்பு, வழக்கத்தைவிட வேகமாக ஏறி வந்திருந்தது.

ஆழத்தில் இருக்கும்போது நீர் மாக்மாவில் கரைந்தே இருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழ்களாகப் பிரியும். நிதானமாக ஏறினால் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, விரிசல்கள் வழியே வாயு நழுவிவிடும். விரைந்து ஏறினால் அதற்கு அவகாசமில்லை. குமிழ்கள் வீங்கிக் குழம்பையே சிதறடித்துவிடும்.

சோதனைக்கு ஊசியில்லாத 60 மில்லி சிரிஞ்சு வாங்கினேன். ஆறிய சீனிப் பாகில் குளிர்ந்த ஹண்ட்ரட் பிளஸ் என்ற வாயு கலந்த பானத்தை மெல்லக் கலந்து கொஞ்சம் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபோது குமிழ்கள் சுவரோரம் ஊர்ந்து ஒன்றாகி மேலே போய்விட, பாகு கீழே தங்கியது. வெடுக்கென்று இழுத்தபோது உள்ளே முழுக்க நுரை, பாகே தெரியவில்லை.

இதோடு போதும் என்றிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா மகன்தான், “மாமா, கொஞ்சம் ரவையைப் போட்டுப் பாருங்க,” என்றான். போட்டேன். ரவைத் துணுக்குகளைச் சுற்றித்தான் முதல் குமிழ்கள் கிளம்பின. கலவையும் கெட்டியானதால், மெதுவாக இழுத்தும் பல குமிழ்கள் மேலே போக முடியாமல் சிக்கிக்கொண்டன.

பையன் அறியாமலே சரியான இடத்தில் கைவைத்துவிட்டான். மாக்மாவிலும் நீர் பிரியப் பிரிய நுண்படிகங்கள் வளர்ந்து குழம்பு இறுகும். சில சமயம் அதுவே மாக்மா ஏறிவரும் குழாய்க்கு மூடியாகி, அடியில் அழுத்தம் ஏறித் திடீரென்று வெடிக்கும். அதனால் ‘மெதுவென்றால் ஆபத்தில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சிரிஞ்சால் காட்ட முடியாததும் உண்டு. மாக்மா கண்ணாடிபோல் நொறுங்கும், பாகு நொறுங்காது. அழுத்தத்தையும் ஒரு வளிமண்டலத்துக்கு, அதாவது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு, கீழேதான் இறக்க முடிகிறது. அடுத்து, காலி சோடா போத்தல் மூடியில் சைக்கிள் வால்வைப் பொருத்தி, காற்றடித்து அழுத்தம் ஏற்றி, வேகத்தை மாற்றி மாற்றி இறக்கிப் பார்க்கப்போகிறேன். பாகு, ரவை அளவுகள் இப்போதைக்கு அதேதான்.