குவார்ட்டர் கணக்கு: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 24, திங்கள்

எங்கள் ஊர் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம். திங்கட்கிழமை காலையில் என் மருந்துக்கடைக்குத் தனி முகம். ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு நெஞ்செரிச்சல் டானிக், ஒருவருக்கு ஓஆர்எஸ் பொட்டலம், ஒருவருக்குத் தலைவலி மாத்திரை. நாலாவது ஆள் ஒன்றும் கேட்காமல், மற்றவர்கள் போகட்டும் என்று தூணோரம் நிற்பார். இன்றைக்கு நின்றது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கடை காலியானதும் பர்ஸிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். குடிக்கிறவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பார்களே, அந்த ரகம்.

"இந்தப் பொடி இருக்குதுங்களாண்ணா? சாம்பார்ல கலந்து போட்டா தெரியாதாமா."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதும்மா என்றேன். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டவர் குடித்தால், சாராயம் உடம்பில் பாதி வழியில் அசிட்டால்டிஹைடாக நின்றுவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் விழும். தெரிந்து போட்டுக்கொள்கிறவர் அந்தப் பயத்திலேயே பாட்டிலைத் தொடமாட்டார். சாம்பாரில் தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை அதன்மேல் ஊற்றுவார். இதயக் கோளாறு உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

"அப்ப என்னதாங்ண்ணா பண்றது?"

மாத்திரைக் கவரின் பின்பக்கம் 14405 என்று எழுதிக் கொடுத்தேன். குடியிலிருந்து மீள உதவும் கேரள சர்க்கார் திட்டமான விமுக்தியின் இலவச எண். வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்: "போனு அவருகிட்டத்தானுங்ணா இருக்கும்."

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. தங்கச்சி மகன் பெங்களூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறான். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி கேட்டான்: "மாமா, உங்க ஊரு கல்ச்சரே குடிதானா?"

எனக்குச் சுருக்கென்றது. கேரளாவில் ஆண்களில் குடிக்கிறவர்கள் நூற்றுக்கு இருபது பேர் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் இருபத்தைந்து. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலே பத்தொன்பது பக்கம். அப்படியென்றால் நாங்கள் அப்படியொன்றும் மோசமில்லை என்று அடித்துப் பேசிவிட்டேன். பிறகு படுக்கப் போகும்போது, நேற்று மாப்பிள்ளை வீட்டில் பார்த்த நோட்டு ஞாபகம் வந்தது. பந்தல், பாத்திர வாடகை, சமையல் எல்லாம் ஒரு பக்கம். 'சாதனம்' மட்டும் தனிப் பக்கம். மலையாளத்தில் சாதனம் என்றால் சாமான். எங்களூர்ப் பேச்சில் அது ஒரே ஒரு சாமான்தான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கூட்டாளிகளுக்கு அது இல்லையென்றால் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. அந்த ராத்திரி அதிகம் குடிக்கப்போவதும் இந்தப் பெங்களூர்க்காரனாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளை ஒன்றாம் தேதி. கேரளாவில் மாதத்தின் முதல் நாள் மதுக்கடை அடைப்பு. ஆகவே இன்று பீவரேஜஸ் (கேரள சர்க்காரின் மதுக்கடை) வரிசை எங்கள் கடை வாசல் வரை வந்துவிட்டது. வரிசையில் ஒரு சத்தம் கிடையாது. தள்ளுமுள்ளு கிடையாது. ரேஷன் கடையில் காட்டாத ஒழுக்கம். தெரிந்த முகம் என்றால் வரிசையில் நிற்கிறவர் போனைப் பார்ப்பார், நான் அலமாரியைப் பார்ப்பேன். வாங்கியதும் பேப்பரில் சுற்றி, இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போவார்கள்.

வாரத்துக்கு ஒருநாள் வாங்குகிற ஆள்கூட இன்று இரண்டு வாங்குகிறார். நாளைக்குக் கிடைக்காதே! நாளைக்கு என்று வாங்கினதும் இன்றைக்கே தீர்ந்துபோகும். ஒன்றாம் தேதி அடைப்பால் யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பதாம் தேதி ராத்திரி என்ன ஆகிறது என்று தெரியும்.

மார்ச் 1, சனி

மதியம் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனேன். எல்லைக்கு அந்தப்பக்கம் டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். முன்னால் நின்ற பைக்குகளில் பாதி கேஎல் நம்பர். மற்ற நாட்களில் இது திரும்பி ஓடும். நம்ம பக்கத்து மதுக்கடை காலை பத்துக்கே திறப்பதால் அந்தப்பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். ராத்திரி ஒன்பதுக்கு இங்கே அடைத்தால், பத்து வரைக்கும் அங்கே உண்டு. கள்ளுக்கு வேறு ரூட். தமிழ்நாட்டில் 1987லிருந்து தடை, அதனால் ஞாயிறு மதியம் ஆனைமலைப் பக்கத்து ஆட்கள் நம்ம ஷாப்புக்கு வருவார்கள். இங்கே 21 வயசு ஆகியும் 23 ஆகாத பையன் அந்தப்பக்கம் போனால் சட்டப்படி பெரியவன்.

இரண்டு சர்க்காரும் மாற்றி மாற்றிப் பூட்டுப் போடுகின்றன. ஆட்கள் ரோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஊர்க் கல்ச்சர் என்று இதில் எப்படிப் பிரிப்பது?

மார்ச் 4, செவ்வாய்

மருமகன் போய்விட்டான். கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கணக்கெடுப்பு நம்பரைச் சொல்லி அவனை அடக்கினேன் அல்லவா, அதில் ஒரு ஓட்டை. குடிப்பீர்களா என்று கேட்டால் அந்த நம்பர் வரும். எவ்வளவு என்பது வேறு கேள்வி. இன்று கடையில் ஈயாடியது. லேபிளைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடைக்கு மாற்ற 0.789ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 61 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 'ஒரே இருப்பில் கடுமையாகக் குடிப்பது' என்று வைத்திருக்கும் அளவு 60 கிராம்.

இரண்டு தடவை சரிபார்த்தேன். டாஸ்மாக்கில் பிராந்தி கேட்டால் கையில் கிடைக்கிற மிகச் சின்ன அளவே உலகக் கணக்கில் மிதமிஞ்சிய குடி. "ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு மேல தொடமாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவரைத்தான் நாங்கள் கட்டுப்பாடான ஆள் என்கிறோம். நானும் அந்தக் கட்டுப்பாடான ஆள்தான். மாதம் ஒரு தடவை கடைக்கு மருந்து எடுக்கப் பாலக்காடு போகும்போது, பாரில் நின்று குடிக்கிற கவுண்டரில் அறுபது அறுபதாக மூன்று. ஊறுகாயை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, சோடாவைக் காட்டி, கண்ணை மூடி இறக்குவது. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார், வீட்டில் வாடை தெரியும், ஆகவே சீக்கிரம். மொத்தம் பத்து நிமிஷம் இருக்குமா? ருசி என்ன என்று இருபது வருஷமாக ஒருநாளும் யோசித்ததில்லை.

மருமகனுக்கு இதை மெசேஜில் அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

வேண்டுமென்றே கள்ளு ஷாப்புக்குப் போனேன், சித்தூர் போகிற வழியில். எங்கள் தாலுகா கள்ளு விடியற்காலையில் வண்டியேறி, எக்சைஸ் பெர்மிட்டோடு திருச்சூர், எர்ணாகுளம் என்று போய்விடும். ஊரில் நிற்பது மிச்சம்தான். பெஞ்ச், கப்பைக்கிழங்கு, காரமான மீன் கறி. பக்கத்து மேசையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அந்தம்மா கறி மட்டும் சாப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். இங்கேயும் கணக்கு விடவில்லை: கள்ளு ஆறு சதவீதம் என்று வைத்தால், ஒரு முழு லிட்டர் குடித்தாலும் 47 கிராம்தான். கவுண்டரில் பத்து நிமிஷத்தில் இறக்கினதை இங்கே ஒரு மதியம் முழுக்க எட்ட முடியாது. வயிறு விடாது.

கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூலையில் ஒரு பெரியவர் காலையிலிருந்தே இருக்கிறாராம். கிளாஸைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது அவருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

அந்தப் பெரியவரின் கை 2020 மார்ச்சை ஞாபகப்படுத்தியது. லாக்டவுனில் மதுக்கடைகளைத் திடீரென்று மூடினார்கள். மூன்றாம் நாள் தெரிந்த ஒருவரை அவருடைய தம்பி தாங்கிக்கொண்டு வந்தார். மேலெல்லாம் வியர்வை. என் கடைச் சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டிவிடு என்று தம்பியை அதட்டினார். சுவரில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துவிட்டார். அந்த மாதக் கடைசியில்தான் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள சர்க்கார் உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி ஹைகோர்ட் நிறுத்திவைத்தது. எங்கள் மருந்துக்கடைக்காரர்கள் குரூப்பில் அந்த இரண்டு மூன்று நாளும் ஒரே கேலிதான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தினமும் அதிகமாகக் குடித்தே பழகியவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. அந்த நோட்டீஸ் பொடிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

மார்ச் 15, சனி

அந்தப் பெண் வந்தார். கையில் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு. தயமின் என்கிற பி1 வைட்டமின் மாத்திரை, கூட வேறு இரண்டு. புருஷனை ஐந்து நாள் உள்ளே படுக்க வைத்திருந்தார்களாம். போன் யார் செய்தது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் போனில் பேசினாராம், பேசும்போது புருஷனே பின்னால் வந்து நின்றாராம். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புருஷன் வண்டியில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். பீவரேஜஸ் வரிசை தாண்டித்தான் கடைக்கு வர வேண்டும் என்பதால் அங்கேயே நின்றுவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மாத்திரையைக் கடைப் பேர் போட்ட கவரில் போட்டேன். "பேரு இல்லாத கவர் இருந்தாக் குடுங்கண்ணா, யாராச்சும் பாத்தா என்னன்னு கேப்பாங்க."

கவர் இல்லை. நேற்றைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். ரோட்டைத் தாண்டிப் போய் நீட்டினார். அவர் வாங்கி இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.